கால் ஊன்றாத பந்தல்

கொல்லைப்புறத்தில் பந்தல் போட வேண்டும் என்று பந்தல்காரரைக் கூப்பிட்டால் அவர் முதலில் தரையைத்தான் பார்க்கிறார். காலால் ஒரு தட்டுத் தட்டி, மண்ணா, சிமெண்ட்டா, டைல்ஸா என்று தெரிந்துகொண்ட பிறகே மேலே பேசுவார். வீட்டுக்காரரின் கவலை வேறு. என்ன துணி, என்ன நிறம், மழை ஒழுகுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு வாடகை என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பேச்சில் பந்தல்காரரின் பார்வைதான் சரி என்பது என் முடிவு. வெயில், தீ, காற்று, மழை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், வீட்டுப் பந்தலில் தீராமல் நிற்கும் சிக்கல் கூரையில் இல்லை, காலில் இருக்கிறது.

ஒரு தலைமுறைக்கு முன்வரை கொல்லை என்றால் மண்தரைதான். ஓரத்தில் கிணறு, துணி துவைக்கும் கல், ஒரு வேம்போ முருங்கையோ. கடப்பாரையால் இரண்டடி தோண்டி, சவுக்குக் கழியை இறக்கி, கல்லைப் போட்டு இடித்துவிட்டால் கால் ஆயிற்று. இன்று நகரத்திலும் சிற்றூரிலும் வீட்டின் பின்புறம் பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு என்று சிமெண்ட் பூசிய தளமாகிவிட்டது. மரமும் போயிற்று, குழி தோண்ட மண்ணும் போயிற்று. சித்திரையில் காலை பதினொரு மணிக்கு அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நிழல் மிகவும் தேவைப்படுகிற இந்த இடத்தில்தான் நிழலை நிறுத்தி வைக்கப் பிடிமானம் இல்லை.

நம் மரபு பந்தலைக் காலிலிருந்துதான் தொடங்கியது. கல்யாண வேலையில் முதல் மங்கலமே பந்தக்கால் நடுவது. குழியில் பாலும் நவதானியமும் நாணயமும் இட்டு, மஞ்சள் குங்குமம் பூசிய கழியில் மாவிலை கட்டி, ஈசானிய மூலையில் நிறுத்திய பிறகுதான் மற்ற வேலை. மதுரையில் கள்ளழகரின் சித்திரைத் திருவிழாவுக்குக் கொட்டகை முகூர்த்தம் உண்டு. அலங்காநல்லூர், பாலமேடு சல்லிக்கட்டுகளுக்கும் முகூர்த்தக்கால் ஊன்றுகிறார்கள். அகநானூற்றின் 86-ஆம் பாட்டு காட்டும் திருமணத்திலும் வரிசையாகக் கால் நிறுத்திய பந்தல் இருக்கிறது, அதன் கீழே கொண்டுவந்து பரப்பிய மணல் இருக்கிறது. மேலே நிழல், காலடியில் சூடேறாத மணல். குளிர்ச்சிக்கு இரண்டும் வேண்டும் என்பதை அன்றே கண்டிருக்கிறார்கள். சிமெண்ட் தளத்தில் பந்தல் போடுகிறவர்கள் மறந்துவிடுவது இந்த இரண்டாவதைத்தான். காலை வெயிலில் சூடேறிய தளம், பிறகு மேலே நிழல் விழுந்தாலும் மணிக்கணக்கில் அனலை உமிழும். பந்தலின் நிழல் வெயில் ஏறும் முன்பே தளத்தின்மேல் விழ வேண்டும். அல்லது தளத்தில் கோரைப்பாயோ நனைத்த சாக்கோ விரிக்க வேண்டும்.

முதலில் வெயில். உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1000 வாட். பத்தடிக்குப் பத்தடித் தளம் என்றால் 9 கிலோவாட்டைத் தாண்டும். தகர ஷீட் இதில் ஒரு பகுதியை வாங்கிக் கொதித்து, அதே அனலைக் கீழே இருப்பவர்கள் தலையில் இறக்குகிறது. தகரப் பந்தலின் கீழ் நிழலில் உட்கார்ந்தும் உச்சந்தலை காய்வது இதனால்தான். தார்ப்பாயும் சில்பாலின் என்ற பிளாஸ்டிக் விரிப்பும் தகரம் அளவுக்குக் கொதிப்பதில்லை. ஆனால் அவற்றினூடே காற்றுப் புகாது, அடியில் தேங்கும் வெப்பக் காற்று வெளியேற வழியில்லை. கோடைக்கு மட்டும் என்றால் தகரத்தையும் இவற்றையும் தவிர்ப்பதே நல்லது.

தென்னங்கீற்றுக்கு இன்றுவரை இணையான பொருள் வரவில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு முடைந்த கீற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் காற்றுப் படலங்கள் நிற்கின்றன, இடுக்குகளின் வழியே சூடான காற்று மேலேறிப் போய்விடுகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துப் பெண்கள் பல தலைமுறையாகக் கீற்று முடைந்து பிழைத்தவர்கள். யாழ்ப்பாணத்தில் கிடுகு என்ற பெயரில் இதுவே கூரையாகவும் வேலியாகவும் நின்றது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தத் தஞ்சைக் கடற்கரைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது கீற்றும் சேர்ந்தே போயிற்று. முடையும் கைகளும் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. இந்தத் தொழில் தேய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கீற்றுக்கு அடுத்த இடத்தில் வைக்கத் தக்கது நிழல்வலை. 2024 கோடையில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சிக்னல்களில் நிற்கும் வண்டிக்காரர்களுக்காகக் கட்டிய அதே பச்சை வலைதான். 35, 50, 75, 90 விழுக்காடு என்று வெயிலை மறைக்கும் அளவைச் சொல்லி விற்கிறார்கள். செடிகளுக்கு 50 போதும், மனிதர் உட்கார 75 வேண்டும். 90 வாங்கினால் நிழல் கூடும், ஆனால் காற்றுக்கு அது கிட்டத்தட்ட துணி மாதிரி ஆகிவிடும். செலவைப் பொருட்படுத்தாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 50 விழுக்காட்டு வலை இரண்டை ஓரடி இடைவெளி விட்டு மேலும் கீழுமாகக் கட்டுவது. மேல்வலை வாங்கிய சூட்டை நடுவில் ஓடும் காற்று கொண்டுபோய்விடும்.

பொருளைவிடப் பெரிய பிழை ஒன்று அளவில் நேர்கிறது. பத்தடி உயரத்தில் பத்துக்குப் பத்து கூரை போட்டால் அதன் நிழலும் நாள் முழுவதும் தளத்தின்மேலேயே கிடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். சென்னை இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் 25-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது நிழல் சரியாகக் கீழே விழும். மூன்று மணிக்கு அதே நிழல் ஏறக்குறைய 9 அடி கிழக்கே நகர்ந்திருக்கும். நான்கு மணிக்கு 15 அடி. அதாவது, நாம் தேநீரோடு வந்து உட்காரும் நேரத்தில் நம் பந்தலின் நிழல் பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்துகொண்டிருக்கும். மேற்கே ஒரு வலையைத் திரைபோல் தொங்கவிடாமல் வீட்டுப் பந்தல் மாலைக்குப் பயன்படாது. மேலே பெரிதாகப் போட்டுச் செலவழிப்பதைவிட மேற்கில் ஏழடி இறக்குவது பலன் தரும்.

அடுத்தது தீ. இங்கே தயக்கமில்லாமல் பேச வேண்டும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. அது சரியான நடவடிக்கை. கூட்டம் கூடும் இடத்தில் கீற்றுக்கு இனி இடமே கிடையாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

ஆனால் கீற்றை இறக்கிவிட்டுத் துணி கட்டினால் பிழைத்தோம் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது, அது பொய். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் மண்டி டப்வாலியில் பள்ளி விழாவுக்குப் போட்டிருந்த செயற்கை இழைப் பந்தல் எரிந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்று சாம்பலாக உதிரும். செயற்கைத் துணியோ உருகி, எரிந்தபடியே உடம்பில் ஒட்டும். தற்காலிகக் கட்டமைப்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 8758, செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது, பந்தல் 3 மீட்டருக்குக் குறைந்த உயரத்தில் இருக்கக் கூடாது, சுற்றிலும் மற்றக் கட்டடங்களிலிருந்து 3 மீட்டர் இடைவெளி வேண்டும், மின்கம்பியின் கீழே போடக் கூடாது என்கிறது. பொதுக் கூட்டங்களை மனத்தில் வைத்து எழுதியது அது. பத்தடிக் கொல்லையில் சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் பந்தலே இருக்காது. நிழல்வலையும் பிளாஸ்டிக்தான், அதுவும் எரியும். ஆகவே வீட்டுக்காரர் கடைப்பிடிக்கக்கூடியதும் கடைப்பிடிக்க வேண்டியதும் ஒன்றே: கொல்லைப் பந்தலின் கீழ் நெருப்பு எந்த வடிவத்திலும் கூடாது. கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, கற்பூரம், கொசுவர்த்தி, மத்தாப்பு எதுவும். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் சமையல்காரர் அண்டாவை எங்கே வைக்கிறார் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பெரும்பாலும் நிழலுக்காக அதைப் பந்தலின் ஓரத்தில்தான் வைப்பார்கள்.

பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கூரையாக விரிக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. காற்றுக்கு வழிவிடாது, வெயிலில் வெந்து சில மாதத்தில் கிழியும், எரிந்தால் கடும்புகை. சும்மா கிடைக்கிறது என்பதற்காக அதைத் தலைக்குமேல் கட்டாதீர்கள்.

இனி காற்று. தீயில் உயிர் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பந்தல் பறக்கும் என்பதை மட்டும் பறந்த பிறகே நம்புகிறோம். காற்றின் அழுத்தத்துக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகமோ அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோ எடை. பத்துக்குப் பத்து தார்ப்பாயை அது முழுமூச்சாகத் தூக்கினால் 57 கிலோ. வேகம் இரட்டித்து 72 ஆனால் தூக்குவிசை நான்கு மடங்காகி 225 கிலோவைத் தொடும். சாய்வையும் சுற்றுச்சுவரையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

இப்போது கடைகளில் கிடைக்கும் மடக்குக் கேனோப்பியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சிம் கார்டு விற்பவர்கள் சாலையோரத்தில் விரித்து வைத்திருப்பார்களே, அது. முழு எடையே இருபது கிலோ சுற்றளவில்தான் இருக்கும். அதன் நான்கு காலும் தரையில் வெறுமனே நிற்கின்றன. கோடை மழைக்கு முன் திடீரென்று ஒரு சுழற்றுச் சுழற்றும் காற்றில் அது குடையைப் போலக் கிளம்பிவிடும். இரும்புச் சட்டத்தோடு அடுத்த வீட்டு மாடிக்கோ, மின்கம்பிக்கோ போகும். இப்படிப் போகும் கேனோப்பிகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் போகின்றன: நான்கு பேர் தூக்கி நிறுத்தியபோது கனமாகத் தெரிந்தது, அதனால் காற்றுக்கும் கனம் என்று நினைத்துவிட்டார்கள்.

தளத்தில் பந்தலைப் பிடித்து வைக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் வழி பாரம். இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் தண்ணீர் நிரப்பினால் 20 கிலோ, காய்ந்த மணல் என்றால் 32, கான்கிரீட் என்றால் 48. நான்கு காலுக்கும் கான்கிரீட் வாளி வைத்தால் 190 கிலோ ஆகிறது. மேலே சொன்ன 36 கிலோமீட்டர் காற்றுக்குத் தாராளம், 72-க்குப் பற்றாது. பழைய டயருக்குள் கான்கிரீட் கொட்டி நடுவில் ஜி.ஐ. பைப்பை நிறுத்தும் முறையை டீக்கடைப் பலகைகளிலும் போலீஸ் தடுப்புகளிலும் பார்த்திருப்பீர்கள். அடி அகலமாக இருப்பதால் வாளியைவிட இது சாயாமல் நிற்கும், உருட்டி நகர்த்தவும் முடியும். வாடகைக்கு வருகிறவர்கள் காலடியில் ஹாலோ பிளாக் ஒன்றை வைத்துக் கயிறு சுற்றிவிட்டுப் போவார்கள். அது கண்துடைப்பு.

இரண்டாவது வழி சுவர். வீட்டுச் சுவரில், பீம் மட்டத்தில், ஆங்கர் போல்ட்டோடு வளையம் இறக்கி அதில் கட்டுவது நல்ல வழி. கட்டக்கூடாத இடம் மாடியின் கைப்பிடிச் சுவர். நாலரை அங்குலச் செங்கல் சுவர், பக்கவாட்டு இழுப்புக்காகக் கட்டப்பட்டதல்ல. காற்று வலையை இழுக்கும்போது சுவரே பெயர்ந்து கீழே உட்கார்ந்திருப்பவர்மேல் விழும். மின்வாரியக் கம்பத்திலும் கேபிள் வயரிலும் கட்டுவதைப் பற்றி எச்சரிக்கவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். தெருவில் நடந்தால் எச்சரிக்க வேண்டும் என்று தெரிகிறது.

சுவரில் கட்டும்போது கயிறு விறைப்பாக இருந்தால் பலம் என்று எல்லோரும் முறுக்குகிறார்கள். கணக்கு நேரெதிர். தொய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு முனையில் இழுவிசை ஏறும். நடுவில் ஓரடி தொய்வதை இரண்டு அங்குலமாகக் குறைத்தால், அதே காற்றுக்கு வளையத்தின்மேல் இழுப்பு ஆறு மடங்காகிறது. வலையின் விளிம்பை மடித்து, உள்ளே ஒரு கயிறு ஓடவிட்டு, முழத்துக்கு ஒரு கட்டாகக் கட்டி, கொஞ்சம் தொய்ய விடுங்கள். கட்டுக்கம்பியால் நேராக வலையைக் கட்டினால் கம்பி வலையை அறுத்துவிடும்.

மூன்றாவது, தளத்தில் துளை போட்டு பேஸ் பிளேட்டை ஆங்கர் போல்ட்டால் இறுக்குவது. தளம் நான்கு அங்குலக் கான்கிரீட்டாக இருந்தால் நிற்கும். செங்கல் ஜல்லிமேல் இரண்டு அங்குலப் பூச்சு என்றால் போல்ட்டு பூச்சோடு கிளம்பி வரும். நம் கொல்லைகளில் பல இந்த இரண்டாம் வகைதான். பந்தல்காரர் காலால் தட்டிப் பார்த்தது இதற்காகத்தான்.

நான்காவது வழி மிகப் பழையது, என் கணக்கில் இதுவே சிறந்தது. பழைய கோயில்களின் கருங்கல் தளத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டிய குழிகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: திருவிழாப் பந்தலின் கால்கள் இறங்குவதற்கான இடங்கள் அவை. கல்தச்சர்கள் தளம் போடும்போதே பந்தலையும் நினைத்திருக்கிறார்கள். பந்தல் நாலு நாளில் போய்விடும், குழி அடுத்த திருவிழாவுக்குக் காத்திருக்கும். சிமெண்ட் தளத்திலும் இதையே செய்யலாம். நான்கு மூலையிலும் ஒன்றரையடி ஆழக் கான்கிரீட்டில் இரண்டரை அங்குல ஜி.ஐ. குழலைத் தரைமட்டத்துக்குப் பதித்து, மூடி போட்டுவிட வேண்டும். குழலின் அடியை மூடாமல் ஜல்லியில் நிற்கவிட்டால் மழைநீர் இறங்கிவிடும். கோடை வந்தால் இரண்டு அங்குலக் குழாயை அதற்குள் இறக்கிக் குறுக்கே ஒரு போல்ட்டு போட்டால் பந்தக்கால் தயார். கோடை போனால் உருவிச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் எப்போது கழற்றுவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் காற்று இரைந்து வரும் மாதமும் அதுதான். காரணம் அதுவா என்பது வேறு பேச்சு, பந்தலுக்கு அது நல்ல விதி. வலையை ஆனி பிறக்கும் முன் இறக்கிவிடுவது, ஐப்பசி கார்த்திகையில் தார்ப்பாயை அன்றன்றைக்குக் கட்டி அன்றன்றைக்கே அவிழ்ப்பது, வானிலை மையம் பலத்த காற்று என்று சொன்னால் கேள்வி கேட்காமல் சுருட்டுவது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டையாகக் கட்டிய தார்ப்பாயின் வயிற்றில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குப் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 100 கிலோ. நாலடிக்கு ஓரடியாவது சாய்வு கொடுத்து, தண்ணீர் வீட்டுச் சுவரில் விழாத பக்கமாக விடுங்கள். மின்சாரத்தைப் பற்றியும் ஒன்று: இரும்புக் காலில் சீரியல் செட்டைச் சுற்றுவதற்கு முன் வீட்டு மெயினில் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி.) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விளக்கே வேண்டாம்.

பொறுமை உள்ளவர்களுக்குக் கொடிப்பந்தல் இருக்கிறது. பெரிய தொட்டி நான்கில் பீர்க்கு, புடலை, அவரை, சங்குப்பூ இவற்றில் எதை ஏற்றினாலும் இரண்டு மாதத்தில் கம்பிமேல் படர்ந்துவிடும். இலைகள் நீராவியை விட்டுத் தம்மைக் குளிர்வித்துக்கொள்வதால் தகரம்போல் அனல் இறக்காது. ஆனால் மண் நிறைந்த தொட்டியும் காய்த்த கொடியும் சேர்ந்து தரும் பாரத்தை நம்பிக் காலை அலட்சியமாக நிறுத்தக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்திருப்பதைப் பாருங்கள். இலைக்கூரைக்கும் அவர்கள் எத்தனை உறுதியான கால் கொடுத்திருக்கிறார்கள் என்று புரியும்.

ஒருநாள் விசேஷத்துக்கு வாடகைச் சாமியானா போதும். கட்டுகிறவரிடம் பருத்தித் துணி கேளுங்கள், கால் எங்கே ஊன்றுகிறது என்று கூட நின்று பாருங்கள். கோடை முழுவதற்கும் என்றால் 75 விழுக்காட்டு நிழல்வலை, இரண்டு அங்குலக் குழாய், மேற்கே ஒரு திரை. நெருப்புக்கு வழியில்லாத, வீட்டைவிட்டுத் தள்ளிய, நாலு பக்கமும் திறந்த பெரிய கொல்லை உள்ளவர்கள் மட்டும் கீற்றுப் போடலாம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் தளத்தைப் பெயர்த்துப் போடுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: கான்கிரீட் கொட்டும் நாளன்று கொத்தனாரிடம் சொல்லி நான்கு குழலைப் பதித்துவிடுங்கள். அன்றைக்குச் செய்தால் அது அரைநாள் வேலை.